ஜவ்வாது மலை ஏன் மொபைலில் மட்டும் சின்னதாகத் தெரிகிறது? வீடியோ ஃபிரேமிங்கின் அடிப்படைகள்

போளூரில் இருந்து ஜமுனாமரத்தூர் போகும் மலைப்பாதை. ஒரு வளைவு தாண்டியதும் பைக்கை ஓரம் கட்டினோம். எதிரே அடுக்கடுக்காக மலை, கீழே பள்ளத்தாக்கு, மேலே இறங்கி வரும் மேகம். உடனே மொபைலை எடுத்து, இடமிருந்து வலமாக ஒரு சுற்று, வலமிருந்து இடமாக இன்னொரு சுற்று. நாற்பது நொடி வீடியோ ரெடி.

ராத்திரி அறையில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தால் ஏமாற்றம். மலை என்று ஒன்று இருந்ததே, அது எங்கே? நடுவில் ஒரு பச்சைக் கோடு. அதற்கு மேலே வெளுத்துப்போன வானம், கீழே தார் ரோடு. எதைப் பார்ப்பது என்று கண்ணுக்கே தெரியவில்லை. நேரில் பார்த்தபோது வாயைப் பிளந்த அதே இடம்தான்.

இந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். 'நல்ல போன் வாங்கணும்' என்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். போன் மேல் தப்பு இல்லை. கண் பார்க்கும் விதமும் கேமரா பார்க்கும் விதமும் வேறு வேறு. கண் எதிரில் இருப்பதில் தனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு, மின்கம்பத்தையும் குப்பைத் தொட்டியையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். கேமராவுக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. செவ்வகத்துக்குள் வந்த எல்லாவற்றையும் ஒரே மரியாதையோடு பதிவு செய்யும். அதனால் எதை உள்ளே வைப்பது, எதை வெளியே விடுவது, உள்ளே வைத்ததை எந்த இடத்தில் வைப்பது என்று முடிவு செய்யும் வேலை நம்முடையது. சினிமாக்காரர்கள் கம்போசிஷன் என்று சொல்வது இதைத்தான். அவ்ளோதான் விஷயம்.

இதைக் கற்றுக்கொள்ள ஜவ்வாது மலை ஒரு நல்ல பள்ளிக்கூடம். ஏன் என்று பார்ப்போம்.

முதல் கேள்வி: இந்த ஷாட் யாரைப் பற்றியது?

ரெக்கார்ட் பட்டனை அமுக்குவதற்கு முன்னால் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். 'இது மலையைப் பற்றிய ஷாட்.' 'இது அந்த ரோட்டில் தனியாக நடந்து போகிறவரைப் பற்றிய ஷாட்.' 'இது மேகம் இறங்குவதைப் பற்றிய ஷாட்.' ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியவில்லை என்றால், பார்ப்பவருக்கும் புரியாது.

நான் எடுத்த நாற்பது நொடியில் நேர்ந்தது அதுதான். மலை, ரோடு, பைக், நண்பன், மேகம் என எல்லாமே வேண்டும் என்று நினைத்தேன். கடைசியில் எதுவுமே கிடைக்கவில்லை. அந்த இடத்தில் மூன்று தனித்தனி ஷாட் எடுத்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் பத்து நொடி, கை அசையாமல். அதற்கே அது ஒரு குட்டிக் கதையாக மாறியிருக்கும்.

காவலூர் தொலைநோக்கி சொல்லும் பாடம்

ஜவ்வாது மலையில் உலகமே அறிந்த ஒரு கேமரா உண்டு. ஆலங்காயத்தில் இருந்து மலை ஏறினால் வரும் காவலூரில், இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம். 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு தொடங்கிய இடம். 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. வியாழன் கோளின் நிலவான கேனிமீடுக்கு வளிமண்டலம் உண்டு என்பதற்கான தடயம், 1977-இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது ஆகிய கண்டுபிடிப்புகளில் அந்தத் தொலைநோக்கிக்குப் பங்கு உண்டு. 2.3 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986 ஜனவரியில் திறக்கப்பட்டு, அதைக் கனவு கண்ட வைணு பாப்புவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

இவ்வளவு பெரிய கண்ணாடி வானம் முழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்கும் என்றுதான் நினைப்போம். உண்மையில் தலைகீழ். பெரிய தொலைநோக்கி ஒரே சமயத்தில் பார்ப்பது வானத்தின் மிகச் சிறிய ஒரு துண்டை மட்டும்தான். இன்று ராத்திரி எந்தத் துண்டு என்று முன்கூட்டியே முடிவு செய்து, அந்த இடத்தில் நிறுத்தி, அசையாமல் பார்ப்பார்கள். மற்ற வானம் எல்லாம் வெளியேதான்.

உங்கள் போனில் இருக்கும் 0.5எக்ஸ், 1எக்ஸ், 2எக்ஸ், 3எக்ஸ் பட்டன்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. எண் கூடக் கூட, பார்க்கும் பரப்பு சுருங்கும். எண் குறையக் குறைய, எல்லாம் உள்ளே வரும். ஆனால் ஒவ்வொன்றும் சின்னதாகிவிடும்.

மலை ஏன் சின்னதாகத் தெரிந்தது என்பதற்கான பதில் இங்கேதான் இருக்கிறது. பெரிய காட்சியைப் பார்த்ததும் நம் விரல் தானாகவே 0.5எக்ஸுக்குப் போகும். அது அல்ட்ரா வைட். பக்கத்தில் இருக்கும் ரோட்டையும் கல்லையும் பெரிதாக்கி, தூரத்து மலையைத் தள்ளிவைத்துவிடும்.

அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள். நண்பனை மலைக்கு முன்னால் நிறுத்துங்கள். நீங்கள் இருபது, முப்பது அடி பின்னால் நடந்து போங்கள். அங்கிருந்து 2எக்ஸ் அல்லது 3எக்ஸ் வைத்துப் பாருங்கள். நண்பன் அதே அளவில் இருப்பான், அவன் பின்னால் இருக்கும் மலை மட்டும் எழுந்து நிற்கும். இதில் மந்திரம் எதுவும் இல்லை. நீங்கள் பின்னால் போனதால், உங்களுக்கும் நண்பனுக்கும் இருந்த தூரம் பல மடங்கு ஆனது. உங்களுக்கும் மலைக்கும் இருந்த தூரமோ கிட்டத்தட்ட மாறவே இல்லை. அதனால் இரண்டின் அளவும் நெருங்கி வருகிறது. ஒரு எச்சரிக்கை: பின்னால் நடக்கும்போது பள்ளத்தாக்குப் பக்கம் போகாதீர்கள், ரோட்டில் வண்டி வருகிறதா என்று பாருங்கள்.

போனில் தனி டெலி லென்ஸ் இல்லையா? இரண்டு விரலால் இழுத்து ஜூம் செய்தால், போன் படத்தை வெட்டிப் பெரிதாக்கும். 2எக்ஸ் வரை பெரும்பாலும் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் படம் பிசுபிசுத்துப் போகும். அந்த நேரத்தில் ஜூமை விட்டுவிட்டு கால்களைப் பயன்படுத்துங்கள்.

ஷாட் அளவு: தூரம் என்பது உறவு

ஷாட் அளவுகளுக்கு நிறையப் பெயர்கள் உண்டு. தொடக்கத்தில் நான்கு போதும்.

வைட் ஷாட்: இடம்தான் முக்கியம், ஆள் சின்னதாக இருப்பார். 'எங்கே இருக்கிறோம்' என்று சொல்லும்.

ஃபுல் ஷாட்: தலை முதல் கால் வரை. என்ன செய்கிறார், எப்படி நடக்கிறார் என்று சொல்லும். காலை வெட்டும்போது கணுக்காலிலோ முட்டியிலோ வெட்டாதீர்கள், உடம்பு ஒடிந்த மாதிரி இருக்கும். மூட்டுகளுக்கு இடையில் வெட்டுங்கள்.

மிட் ஷாட்: இடுப்புக்கு மேலே. பேசுவதற்கான தூரம். திண்ணையில் எதிர் எதிரே உட்கார்ந்து பேசும் அளவு.

க்ளோசப்: முகம், அல்லது கை, அல்லது ஒரு பொருள். உணர்ச்சிக்கும் நுணுக்கத்துக்கும்.

இவற்றை மனப்பாடம் செய்வதைவிட, இவை ஒவ்வொன்றும் பார்ப்பவரை எவ்வளவு பக்கத்தில் உட்கார வைக்கிறது என்று யோசிப்பது பயன் தரும். முன்பின் தெரியாத ஒருவரின் முகத்துக்கு அரை அடி தூரத்தில் போய் நிற்போமா? மாட்டோம். அதனால் வீடியோவிலும் முதல் ஷாட்டே க்ளோசப் என்றால், பார்ப்பவருக்கு ஒரு நெருடல் வரும். சில நேரம் அந்த நெருடலே வேண்டும் என்பதற்காக அப்படி வைப்பார்கள். தெரிந்து செய்தால் சரி.

வைட் ஷாட்டின் பலத்துக்கு நம்மூர் உதாரணம் பி.எஸ்.வினோத்ராஜ் இயக்கிய 'கூழாங்கல்'. 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கிய படம். அப்பனும் மகனும் கொதிக்கும் வெயிலில் நடந்துகொண்டே இருப்பார்கள். காய்ந்த நிலத்தின் நடுவே அவர்கள் இரண்டு புள்ளிகள் மாதிரி தெரியும் ஷாட்களில் வசனமே தேவைப்படாது. 'எவ்வளவு வெயில், எவ்வளவு தூரம்' என்பதை அந்த வெட்டவெளியே சொல்லிவிடும். ஃபிரேமில் காலி இடம் என்பது வீணான இடம் இல்லை.

ஒன்பது கட்டம்: கிரிட்டைப் போடுங்கள்

கேமரா செட்டிங்ஸில் கிரிட் என்று ஒன்று இருக்கும். அதை ஆன் செய்தால் திரையில் இரண்டு படுக்கைக் கோடு, இரண்டு செங்குத்துக் கோடு வரும். மொத்தம் ஒன்பது கட்டம். முக்கியமானதை நட்ட நடுவில் வைக்காமல், இந்தக் கோடுகள் மேலோ அவை வெட்டிக்கொள்ளும் நான்கு புள்ளிகளிலோ வைப்பதுதான் 'ரூல் ஆஃப் தேர்ட்ஸ்', அதாவது மூன்றில் ஒரு பங்கு விதி. ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் 1797-இல், கிராமக் காட்சிகளை வரைவது பற்றிய புத்தகத்தில் இந்தப் பெயரை எழுதினார். சினிமா பிறப்பதற்கு ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்னால்.

மலைக் காட்சியில் இதைப் பயன்படுத்தும் சுலபமான வழி: வானத்தையும் நிலத்தையும் பாதிப் பாதியாகப் பிரிக்காதீர்கள். மேகம் அழகா? வானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு கொடுங்கள். கீழே சாமைக் கொல்லை அழகா? நிலத்துக்கு இரண்டு பங்கு. இரண்டில் எதற்கு ஓட்டு என்று நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள் என்பது பார்ப்பவருக்குப் புரியும். தொடுவானக் கோடும் கிரிட்டின் கோடும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். மலைச்சரிவில் நிற்கும்போது நம் உடம்பே சாய்ந்திருக்கும், போனும் சாயும். கோமுட்டேரி ஏரியில் தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்து ஓடுவது போல வீடியோ வந்தால் காரணம் இதுதான்.

ஆளை எடுக்கும்போது கண்கள் மேல் கோட்டுக்குப் பக்கத்தில் வரட்டும். தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விடுங்கள், அது ஹெட்ரூம். அதிகமாக விட்டால் ஆள் பள்ளத்தில் நிற்பது போல இருக்கும், விடாவிட்டால் கூரை இடிப்பது போல இருக்கும். அவர் இடது பக்கம் பார்க்கிறார் என்றால் இடது பக்கம் கூடுதல் இடம் கொடுங்கள். நடந்து போகிறார் என்றால் போகும் திசையில் இடம் விடுங்கள். முகத்துக்கு முன்னால் சுவர் மாதிரி ஃபிரேம் முடிந்துவிட்டால் மூச்சு முட்டும்.

விதியை மீறலாமா? தாராளமாக. கோயில் வாசல், நேரே போகும் ரோடு, குளத்தில் தெரியும் பிம்பம் ஆகியவற்றுக்கு நட்ட நடு ஃபிரேம்தான் அழகு. இரண்டு பக்கமும் சமமாக இருப்பதுதான் அங்கே விஷயம்.

தட்டையான திரையில் ஆழம்

மலைக்கு ஆழம் உண்டு, திரைக்கு இல்லை. அந்த ஆழத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும். வழி மூன்று.

ஒன்று, பக்கத்தில் ஏதாவது வையுங்கள். ஒரு பலா மரக் கிளை, கல் சுவர், பைக் கைப்பிடி, எது வேண்டுமானாலும். முன்னால் கிளை, நடுவில் ஆள், பின்னால் மலை. மூன்று அடுக்கு வந்ததும் கண் உள்ளே நடக்க ஆரம்பிக்கும்.

இரண்டு, கோடுகளைத் தேடுங்கள். வளைந்து போகும் மலை ரோடு, வரப்பு, ஒற்றையடிப் பாதை. ஃபிரேமின் கீழ் மூலையில் தொடங்கி உள்ளே போகும் கோடு, பார்ப்பவரின் கையைப் பிடித்து நீங்கள் காட்ட நினைக்கும் இடத்துக்குக் கூட்டிப் போகும். கோடு வெளியே போய்விட்டால் பார்வையும் வெளியே போய்விடும்.

மூன்று, நேரத்தைப் பாருங்கள். காலை சூரியன் ஏறிய முதல் ஒரு மணி நேரம், மாலை இறங்கும் கடைசி ஒரு மணி நேரம். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போதுதான் மலையின் மடிப்புகள் தெரியும், தூரத்து மலைகள் ஒன்றைவிட ஒன்று வெளிறிப் போய் அடுக்கடுக்காக நிற்கும். உச்சி வெயிலில் அதே மலை இஸ்திரி போட்ட துணி மாதிரி தட்டையாக இருக்கும்.

வானம் வெளுத்துப் போவதற்கும் மருந்து உண்டு. திரையில் மேகத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான போன்களில் வெளிச்ச அளவும் ஃபோகஸும் அந்த இடத்துக்கு லாக் ஆகும். மேகம் தெளிவாகும், முன்னால் நிற்பவர் கறுப்பு உருவமாக மாறுவார். அதுவும் அழகுதான். எல்லாவற்றையும் பளிச்சென்று காட்ட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 'நாயகன்' படத்தில் பி.சி.ஸ்ரீராம் முகங்களைப் பாதி இருட்டில் வைத்தார், தேசிய விருதே கிடைத்தது.

'மொகத்தயே காணோமே தம்பி'

இப்போது நான் செய்த இன்னொரு தப்பு. மலையில் ஒரு வீட்டு வாசலில் வயதான ஆயா ஒருவர் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். ஜவ்வாது மலையின் அடையாளமே சாமைதான். 'ஆயா, வீடியோ எடுத்துக்கட்டுமா?' என்று கேட்டேன். 'எடுத்துக்கோ தம்பி' என்றார். நான் நின்றபடியே, மேலே இருந்து கீழே பார்த்து எடுத்தேன். முறம், கை, பறக்கும் உமி, வெயில். எனக்கு ஒரே குஷி.

எடுத்ததைக் காட்டினேன். ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னார்: 'மொகத்தயே காணோமே தம்பி. மண்டையத்தான் புடிச்சிருக்க.'

சரியாகத்தான் சொன்னார். அந்த வீடியோவில் அவர் ஒரு நரைத்த தலை, இரண்டு கை. அவ்வளவே. தரையில் உட்கார்ந்திருப்பவரை நின்றுகொண்டு எடுத்தால், கேமரா அவரைக் குனிந்து பார்க்கிறது. அப்போது பார்ப்பவரும் குனிந்துதான் பார்ப்பார். ஹை ஆங்கிள் ஆளைச் சிறிதாக்கும், லோ ஆங்கிள் பெரிதாக்கும், கண் மட்டத்தில் வைத்தால் சமமாக்கும் என்று எல்லா ஒளிப்பதிவு வகுப்பிலும் முதல் வாரத்திலேயே சொல்வார்கள். வகுப்பில் அது வெறும் டெக்னிக். அந்த வாசலில்தான் அது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம் என்று எனக்கு உறைத்தது.

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு தன் படங்களில் கேமராவைத் தரைக்கு மிக அருகில் வைத்தார். பாயில் உட்கார்ந்து பேசும் குடும்பத்தின் கதையைச் சொல்ல, கேமராவும் கிட்டத்தட்டப் பாயிலேயே உட்கார்ந்துவிடும். செலவே இல்லாத டெக்னிக். முட்டியை மடக்கினால் போதும்.

நானும் உட்கார்ந்தேன். இந்த முறை முகம், அதற்குக் கீழே முறம், பின்னால் வாசல்படி. ஆயா நிமிர்ந்து பார்த்தபோது நேராக என் கண்ணைப் பார்த்தார்.

ஃபிரேமுக்கு வெளியே இருப்பது

கோணம் என்பது அழகு மட்டும் அல்ல என்பதற்கு இந்த மலைக்கே ஒரு வரலாறு உண்டு.

ஜவ்வாது மலையில் வாழும் பழங்குடியினர் 'மலையாளி' என்று அழைக்கப்படுகிறார்கள். கேரளத்துக்காரர்கள் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம், மலையை ஆள்பவர்கள் என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். ஆங்கிலேயர் காலத்தில் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மலையாளிகள் பற்றியும் அதில் எழுதியிருக்கிறார். தலையையும் மூக்கையும் அளவெடுத்துக் குறித்துவைத்த காலம் அது. அந்தக் கால இனவரைவியல் படங்களில் மனிதர்களை நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று நிறுத்தி எடுப்பது வழக்கம். அந்த ஃபிரேமில் கேமரா ஓர் அளவுகோல். எதிரில் நிற்பவருக்குப் பெயர்கூடத் தேவைப்படவில்லை.

நூறு வருஷம் கழித்து இன்னொரு ஃபிரேம். 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில், ஆந்திர போலீசின் சிறப்பு அதிரடிப்படை சுட்டதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டக்காரர்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. செம்மரம் வெட்ட வந்தவர்கள் தாக்கியதால் சுட்டோம் என்றது போலீஸ். மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. அன்று டிவியிலும் போனிலும் திரும்பத் திரும்ப வந்த படங்களில், தரையில் கிடந்த உடல்களுக்குப் பக்கத்தில் செம்மரக் கட்டைகள் கிடந்தன. உடலும் கட்டையும் ஒரே செவ்வகத்துக்குள் வந்துவிட்டால், நம் மூளை இரண்டுக்கும் உடனே ஒரு கதை கட்டிவிடும். அந்தக் கட்டைகள் எப்படி அங்கே வந்தன என்ற கேள்விதான் பிறகு பெரிதாக எழுந்தது. ஃபிரேமுக்கு வெளியே இருந்ததோ அவர்களின் வீடு, கூலி, கடன், காத்திருந்த பிள்ளைகள்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அர்த்தம் பிறக்கும். கம்போசிஷனின் பலம் அதுதான், ஆபத்தும் அதுதான். நீங்கள் ஒரு 30 நொடி ரீல்தான் போடுகிறீர்கள் என்றாலும் இது பொருந்தும். கிழிந்த சட்டைப் பையனையும் மண் சுவரையும் மட்டும் ஃபிரேமில் வைத்து, சோக பின்னணி இசை போட்டால் ஒரு மலை. அதே பையன் பள்ளிப் பையோடு ஓடுவதை அவன் கண் மட்டத்தில் எடுத்தால் வேறு மலை. இரண்டில் எதைக் காட்டினோம் என்பதற்கு நாம் பதில் சொல்ல வேண்டும்.

அதனால் மூன்று பழக்கம். எடுப்பதற்கு முன் கேளுங்கள். எடுத்ததைக் காட்டுங்கள். 'வேண்டாம்' என்றால் அவர் முன்னாலேயே டெலீட் செய்யுங்கள். குழந்தைகள் என்றால் பெற்றோரிடம் கேட்காமல் எடுக்கவே வேண்டாம்.

ஒரு வேலை, ஐந்து ஷாட்

ஒரே ஷாட்டில் எல்லாவற்றையும் சொல்லும் ஆசையை விட, வீடியோ செய்தியாளர்களுக்கான பயிற்சிகளில் ஒரு சுலபமான வழி சொல்வார்கள். யாராவது ஒரு வேலை செய்கிறாரா? ஐந்து ஷாட் எடுங்கள்.

1. கையின் க்ளோசப். என்ன நடக்கிறது? சாமை முறத்தில் துள்ளுகிறது.

2. முகத்தின் க்ளோசப். யார் செய்கிறார்? ஆயா.

3. வைட். எங்கே நடக்கிறது? வீட்டு வாசல், பின்னால் மலை.

4. தோளுக்குப் பின்னால் இருந்து. அவர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது?

5. யாரும் எதிர்பார்க்காத ஒன்று. உமி காற்றில் போவது, வாசலில் காத்திருக்கும் கோழி.

ஒவ்வொன்றையும் பத்து நொடி அசையாமல் எடுங்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்தால் கை நடுங்காது. எடிட்டில் மூன்று நொடிதான் பயன்படும், ஆனால் முன்னும் பின்னும் இடம் இருந்தால்தான் வெட்ட முடியும். பேன் செய்தே ஆக வேண்டுமா? ஒரு இடத்தில் நின்று தொடங்கி, ஒரே திசையில் மெதுவாகப் போய், முடிவில் ஒரு பொருளின் மேல் நிறுத்துங்கள். தேடிக்கொண்டே சுற்றாதீர்கள்.

இரண்டு பேர் பேசுவதை எடுத்தால் இன்னொரு விதி. இருவருக்கும் நடுவில் ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா ஷாட்டையும் அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் நின்று எடுங்கள். கோட்டைத் தாண்டினால், திரையில் இருவரும் ஒரே பக்கம் பார்ப்பது போல இருக்கும், பேசிக்கொள்வது போல இருக்காது. 180 டிகிரி விதி என்பது இதுதான். 

9:16-க்குள் மலை அடங்குமா?

மலை அகலமானது, ரீல்ஸ் உயரமானது. இதுதான் இன்றைய பிரச்சினை. 16:9-இல் எடுத்துவிட்டுப் பிறகு செங்குத்தாக வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால், இரண்டும் கெட்டுப்போகும். எங்கே போடப் போகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

செங்குத்து ஃபிரேமில் மலைத்தொடர் முழுவதையும் காட்ட முயலாதீர்கள். செங்குத்தாக இருப்பவற்றைத் தேடுங்கள். அருவி, மரம், நிற்கும் மனிதர், கீழிருந்து மேலே ஏறும் பாதை. கீழே ரோடு, நடுவில் ஆள், மேலே மலைமுகடு என்று மாடி மாடியாக அடுக்குங்கள். ஜமுனாமரத்தூர் அருகே பீமன் நீர்வீழ்ச்சி செங்குத்து ஃபிரேமுக்கென்றே செய்தது போல இருக்கும். மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் வரத்து சட்டென்று கூடும், பாறை வழுக்கும். ஷாட்டுக்காகத் தடுப்பைத் தாண்டாதீர்கள்.

இன்னொன்று. ரீல்ஸிலும் ஷார்ட்ஸிலும் கீழ்ப்பகுதியைக் கேப்ஷனும், வலது ஓரத்தை லைக், ஷேர் பட்டன்களும் மறைத்துக்கொள்ளும். முக்கியமான முகத்தையோ எழுத்தையோ அங்கே வைக்காதீர்கள்.

வெளிச்சத்தை அணைத்தால்தான் தெரியும்

இரவில் நட்சத்திரங்களை எடுக்கலாம் என்று காவலூர் பக்கம் போகிறவர்கள் நிறைய. போனை ஏதாவது ஒன்றின் மேல் அசையாமல் வைத்து, நைட் மோடில் எடுத்தால் ஓரளவு கிடைக்கும். கீழே ஒரு மரத்தையோ கூரையையோ ஃபிரேமில் வையுங்கள், இல்லாவிட்டால் கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மட்டும்தான் மிஞ்சும்.

ஆனால் வானாய்வகம் அந்த மலையில் இருப்பதற்குக் காரணமே இருட்டுதான். வீடியோ லைட், ஹை பீம் ஹெட்லைட், டார்ச் எல்லாம் அங்கே தொல்லை. உங்கள் ஃபிரேமில் வெளிச்சம் கூட்டுவதற்காக, பல ஒளியாண்டு தூரத்தில் இருந்து வரும் மங்கலான வெளிச்சத்துக்குக் காத்திருப்பவர்களின் ஃபிரேமைக் கெடுக்க வேண்டாம். காட்டுப் பகுதிக்குள் போகவும் ட்ரோன் பறக்க விடவும் வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முன்: ஆறு கேள்விகள்

1. இந்த ஷாட் எதைப் பற்றியது? ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா?

2. தொடுவானம் நேராக இருக்கிறதா?

3. நான்கு மூலைகளையும் பார்த்தேனா? தேவையில்லாதது எட்டிப் பார்க்கிறதா?

4. முன்னால், நடுவில், பின்னால் என்று அடுக்கு இருக்கிறதா?

5. கேமரா எதிரில் இருப்பவரின் கண் மட்டத்தில் இருக்கிறதா? இல்லை என்றால், ஏன்?

6. எடுத்ததை அவரிடம் காட்ட எனக்குத் தயக்கம் இருக்கிறதா? இருந்தால், அந்த ஷாட் வேண்டாம்.

முதல் ஐந்தும் பழகப் பழகக் கைக்கு வந்துவிடும். பத்து நாள் தினமும் ஐந்து ஷாட் எடுத்தால் போதும், வீட்டு மொட்டை மாடியிலேயே பழகலாம். ஆறாவது கேள்வி மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டுக்கொள்ள வேண்டியது.

உட்கார்ந்து எடுத்த இரண்டாவது வீடியோவையும் அந்த ஆயாவிடம் காட்டினேன். இந்த முறை கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்த பேத்தியைக் கூப்பிட்டார்: 'ஏ புள்ள, இங்க வா. நா எப்பிடி இருக்கேன் பாரு.'